கடைமடையில் ஒரு பதிவேற்றம்

இரவு ஒன்றே முக்காலுக்கு மேல்
நெட் கொஞ்சம் ஓடும்.
திருத்துறைப்பூண்டிக்கு எதுவும் கடைசியில்தான் வரும்.
மேலே எல்லோரும் பாய்ச்சி முடித்துத் தூங்கிய பிறகு
நம் வாய்க்காலில் ஒரு நூல் கசியுமே,
அந்த நூலில்
ஒரு கல்யாணத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படம்.
இருபத்தாறு சதவீதம்.

முன்பு நான் இப்படி இல்லை.
ஒரே டிஸ்க். கறுப்பு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்,
மேலே டீ கிளாஸ் வைத்த வட்டம்.
ஆறு வருஷத்து முகூர்த்தம் அதற்குள்.
"பேக்கப் இருக்குல்ல?" என்பான் குணாளன்.
"இதுதான்டா பேக்கப்" என்பேன்.
மெமரி கார்டைத் துடைத்துக்கொண்டு
அடுத்த மண்டபத்துக்கு ஓடுவோம்.

ஓர் ஐப்பசி அடைமழையில்
கரண்ட் மூன்று முறை போய் வந்தது.
நாலாம் முறை
டிஸ்க் டிக் டிக்கென்றது, பல்லி மாதிரி.
பலன் பார்க்கத் திசை தெரியவில்லை.
சென்னைக்கு அனுப்பினேன்.
பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்டு
"உள்ள கீறிப்போச்சு சார்" என்று
பிளாஸ்டிக் கவரில் திருப்பி அனுப்பினார்கள்.

முத்துப்பேட்டை ரஹ்மத்நிசா வந்தது
அதற்கு நாற்பது நாள் கழித்து.
ஆல்பம் கையில் இருந்தது.
ஆல்பத்தில் எல்லோரும் இருந்தார்கள்,
மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட மச்சான்வரை.
வாப்பா மட்டும் இல்லை.
மனுஷர் அன்றைக்குப் பூராவும்
சகனுக்குச் சகன் தண்ணீர் ஊற்றித் திரிந்தார்.
கூப்பிட்டபோதெல்லாம் "வர்றேன், வர்றேன்".
"ஆல்பத்துல போடாத படம் இருக்கும்ல, அண்ணே?"

இருந்தது என்று சொல்லலாம்.
இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.
டிராயரைத் திறந்து மூடினேன்.
மின்வாரியத்தைத் திட்டினேன்.
அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

கும்பகோணத்தில் ஆல்பம் அடிக்கும் செபஸ்தியான்
ஊரறிந்த சோம்பேறி. எதையும் அழிக்க மாட்டான்.
வருகிற பென்டிரைவையெல்லாம் அப்படியே கொட்டிவைப்பான்:
புது ஃபோல்டர், புது ஃபோல்டர் இரண்டு,
புது ஃபோல்டர் இரண்டு புதுசு.
மூன்று மணி நேரம் துழாவினோம்.
ஒன்று கிடைத்தது.
ஃபோகஸ் ஜமுக்காளத்தில்.
தூணுக்குப் பின்னால் பாதி ஆள்,
கையில் கூஜா,
கண் மூடியிருக்கிறது.
நான் சிவப்புப் புள்ளி வைத்துக் கழித்த படம்.

"பெருசாக்குங்க" என்றாள்.
ஆக்க ஆக்க
வாப்பா கட்டம் கட்டமாக உடைந்தார்.
"போதும். பழையபடி சின்னதாக்குங்க."
பிரிண்ட் காசு வேண்டாமென்றேன்.
மேஜைமேல் முப்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது மூன்று.
கடையில் ஒன்று.
வீட்டுப் பரணில் ஒன்று, அரிசி டிரம்முக்கும் மேலே.
இன்னொன்று மாதக் கடைசியில்
டிபன் பாக்ஸில் துண்டு சுற்றித்
திருச்சி பஸ் ஏறும், மச்சினன் வீட்டு பீரோவுக்கு.
"தங்கமா மாமா?" என்றான் முதல் தடவை.
"இங்க கடல் ஏறுனாலும் அங்க ஏறாதுல்ல" என்றேன்.
வாங்கி வேட்டிகளுக்கு அடியில் செருகினான்.
இரவில் ஏறுவது கணக்கில் சேர்த்தி இல்லை;
அது எந்த ஊரில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

"கண்ணு மூடுனதையுமாண்ணே?" என்கிறான் குணாளன்.
அதையும்.

வைத்தால் மட்டும் போதாது.
மூட்டையில் குத்தூசி விட்டு நெல் பார்ப்பதுபோல
ஞாயிற்றுக்கிழமை எதையாவது ஒன்றைத் திறந்து பார்ப்பேன்.
போன வாரம் வந்தது யாரோ ஒரு பையன்,
பந்தியில் உட்கார்ந்து
ஜாங்கிரியைச் சட்டைப்பைக்குள் தள்ளுகிறான்.
எந்த ஊர்க் கல்யாணமோ.
திறந்தது. மூடினேன்.

அறுபத்து மூன்று.
தெருவிளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது.
யூபிஎஸ் முனகுகிறது.
திரையை நான் பார்க்கவில்லை.
வயல் மோட்டாருக்குக் காது கொடுத்துப் படுத்திருப்பவன் மாதிரி
அந்தக் குட்டி விசிறி ஓடுவதைக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.